என்விடிஏயோட மென்பொருள் வாத்தியம் வாசிக்கிற ஆக்கள் திருகோணமலையில இருக்கிறியளா?

பாலையூற்று_அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். தம்பிக்காகக் கேக்கிறன். அவனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. கோயில் பாடகர் குழுவில கீபோட் வாசிக்கிறவன், ஒருக்காக் கேட்ட பாட்டை அப்பிடியே எடுத்திடுவான். லாப்டொப்பில என்விடிஏ (திரையில இருக்கிறதை வாய்விட்டு வாசிக்கிற மென்பொருள்) போட்டு மெயில், வாட்ஸ்அப், பாடக் குறிப்பு எல்லாம் தானே பாக்கிறான், எங்கட உதவி தேவையில்லை.

இப்ப சொந்தமா இசை அமைக்கோணும் எண்டு நிக்கிறான். கூட்டாளி ஒருத்தர் வயலின், செல்லோ எல்லாம் இருக்கிற பெரிய மென்பொருள் வாத்தியம் ஒண்டைப் போட்டுக் குடுத்தார். கீயை அமத்தினாச் சத்தம் வருது, நல்ல சத்தம். ஆனா அந்த விண்டோவுக்குள்ள போனா என்விடிஏ வாயே திறக்குதில்லை. டாப் அமத்தினாலும் ஒண்டுமில்லை, அம்பு விசை அமத்தினாலும் ஒண்டுமில்லை. வயலினை விட்டுச் செல்லோவுக்கு மாறவே வீட்டில ஒரு ஆள் வந்து மவுஸ் பிடிக்க வேண்டியிருக்கு. நேற்று, "அக்கா, இது எங்களுக்கில்லைப் போல" எண்டு சொல்லிப்போட்டு மூடி வச்சிட்டான். எனக்கு இந்தத் துறை தெரியாது. தெரிஞ்ச ஆக்கள் வழி சொல்லுங்கோ.

உட்துறைமுகம்:

தங்கச்சி, லாப்டொப்பை விட்டுட்டு ஒரு நல்ல அரேஞ்சர் கீபோட் (பின்னணித் தாளம் தானே வாசிக்கிறது) வாங்கிக் குடுங்கோ. பொத்தான் எல்லாம் கைக்குத் தெரியும், எந்த இடத்தில எது எண்டு பாடமாக்கினாச் சரி. ஸ்டைல் போட்டு நேரா வாசிக்கலாம். எங்கட பக்கத்துத் திருவிழா மேடைகளில வாசிக்கிற ஆக்கள் கனபேர் அப்பிடித்தான்.

கோணமலை_ஒலி:

அண்ணை சொல்லுறது மேடைக்குச் சரி. அந்தப் பெடியன் கேக்கிறது மேடைக்கில்லை, இசை அமைக்க. ரெண்டும் வேற வேலை.

அக்கா, முதல்ல தம்பியிட்டச் சொல்லுங்கோ, பிழை அவரிட்ட இல்லை, அந்த வாத்தியத்தைச் செய்த ஆக்களிட்ட. நானும் பார்வை இல்லாத ஆள்தான். உப்புவெளியில வீட்டு அறையில இருந்துதான் பக்திப் பாட்டு, கலியாண வீடியோ, குறும்படப் பின்னணி எல்லாம் செய்து குடுக்கிறன். இதுதான் என்ர பிழைப்பு.

என்விடிஏ மாதிரி ஸ்கிரீன் ரீடருக்குக் கண் கிடையாது. "நான் ஒரு பொத்தான், என்ர பேர் சேமி" எண்டு மென்பொருள் விண்டோஸிட்டச் சொன்னாத்தான் என்விடிஏ எடுத்து வாசிக்கும். மென்பொருள் வாத்தியங்களில கனக்க தன்ர முகத்தை வெறும் படமா வரையுது. குமிழும் படம், ஸ்லைடரும் படம். அதுதான் டாப் அமத்தினா மௌனம்.

ஆனா அதே வாத்தியம் வேறொரு பக்கத்தால கதைச்சே ஆகோணும். தன்னை ஏத்தி வச்சிருக்கிற மென்பொருளிட்ட அட்டாக் (சத்தம் எழும்புற வேகம்) இவ்வளவு, ரிலீஸ் (சத்தம் ஓயிற நேரம்) இவ்வளவு, கட்ஓஃப் (சத்தத்தின்ர கூர்மையை வெட்டுற இடம்) இவ்வளவு எண்டு பராமீட்டர்களைப் பேரோடயும் பெறுமதியோடயும் குடுக்கும். ஸ்டெயின்பேர்க் கொம்பனி 1996இல கொண்டுவந்த விஎஸ்டி எண்ட வாத்திய இணைப்பு முறையின்ர அடிப்படை ஏற்பாடே அதுதான். எங்களை நினைச்சுச் செய்ததில்லை எண்டாலும் நாங்கள் உள்ளுக்குப் போற வழி அதுதான்.

அந்த வழியால போக ரெண்டு சாமான் வேணும். ஒண்டு ரீப்பர். வின்அம்ப் செய்த ஜஸ்டின் ஃபிராங்கல்ட கொக்கோஸ் கொம்பனி, பாட்டுப் பதிஞ்சு இசை அமைக்கிறதுக்குச் செய்த மென்பொருள். 60 நாள் முழுசாப் பாவிச்சுப் பாக்கலாம், தனியாளுக்கான உரிமம் 60 டொலர். மற்றது ஓசாரா, ரீப்பரை ஸ்கிரீன் ரீடரோட கதைக்க வைக்கிற சேர்க்கை, இலவசம். அதைத் தொடங்கினவர் ஜேம்ஸ் டே, என்விடிஏயைக் கட்டின ரெண்டு பேரில ஒருத்தர், அவரும் பார்வை இல்லாதவர். எங்கட கை எப்பிடிப் போகும் எண்டு தெரிஞ்ச ஆள் செய்த சாமான் எண்டது பாவிச்ச உடனேயே விளங்கும். நிறுவும்போது விசை அமைப்பை மாத்தட்டோ எண்டு கேக்கும், ஓம் எண்டு குடுக்கச் சொல்லுங்கோ.

பிறகு கொன்ட்ரோல் டி (T) அமத்தினா ஒரு ட்ரக் (ஒரு வாத்தியத்துக்கான தடம்) வரும். எஃப் அமத்தி வாத்தியத்தை ஏத்தலாம். பீ (P) அமத்தினா ஓசாரா தன்ர விண்டோ ஒண்டைத் திறக்கும், அதில அந்த வாத்தியத்தின்ர பராமீட்டர் எல்லாம் பட்டியலா வரும். "கட்" எண்டு தட்டினாக் கட்ஓஃப் மட்டும் மிஞ்சும், அம்பு விசையால கூட்டிக் குறைக்கலாம், ஒவ்வொரு அசைவுக்கும் பெறுமதியைச் சொல்லும். எஃப் 12 அமத்தினா விசை உதவி. திரும்ப எஃப் 12 அமத்தும் வரைக்கும் எந்த விசையைத் தொட்டாலும் அது என்ன செய்யும் எண்டு சொல்லும், செய்யாது. முதல் நாள் முழுக்க எஃப் 12ஓட விளையாட விடுங்கோ.

கூட்டாளி போட்டுக் குடுத்ததையும் பீயால ஒருக்காத் திறந்து பாக்கட்டும். பேர்கள் ஒழுங்கா வந்தா வச்சிருங்கோ. "பராமீட்டர் 1, பராமீட்டர் 2" எண்டு நீளத்துக்கு வந்தா எடுத்து எறியுங்கோ, எவ்வளவு நல்ல சத்தம் எண்டாலும். நான் வாத்தியம் வாங்குறதுக்கு முதல் பாக்கிற ஒரே விசயம் இதுதான். பேர் சொல்லாத வாத்தியத்தை வாங்குறதில்லை.

கிண்ணியா_நானா:

அஸ்ஸலாமு அலைக்கும். ஒலி தம்பி, நல்ல விளக்கம். எனக்கும் பார்வை பாதிதான், என்விடிஏதான் துணை. ஒரு கரைச்சல். ரீப்பரில அசியோ டிரைவரை (சத்தத்தைப் பிந்தாமக் குடுக்கிறது) போட்ட உடனே என்விடிஏயின்ர குரல் அப்படியே நிண்டு போகுது. ரீப்பரை மூட வழி தெரியாம லாப்டொப்பையே நிப்பாட்டுறன். அசியோ இல்லாட்டி கீயை அமத்திக் கொஞ்சம் கழிச்சுத்தான் சத்தம் வருது, வாசிக்க ஏலாது.

கோணமலை_ஒலி:

வ அலைக்கும் அஸ்ஸலாம் நானா. கனக்க அசியோ டிரைவர்கள் சவுண்ட் காட்டை முழுசாத் தனக்கெண்டு பிடிச்சிடும், அதே காட்டால கதைக்கிற என்விடிஏக்கு இடமில்லாமப் போகும். ஆக மலிவான யூஎஸ்பி சவுண்ட் காட் ஒண்டு வாங்குங்கோ, சின்ன விரலளவு வரும். என்விடிஏ அமைப்பில ஓடியோவுக்குப் போய் வெளியீட்டுக் கருவியா அதைத் தெரிவு செய்யுங்கோ. குரல் அதால, இசை மற்றதால. நான் ஒரு காதில சின்ன இயர்போன், மற்றக் காதில பெரிய ஹெட்போன் வச்சுத்தான் வேலை செய்யிறன். மிக்ஸ் பாக்கிற நேரம் மட்டும் இயர்போனைக் கழட்டுவன்.

பஃபர் (சத்தம் வெளியில போக முதல் சேருற அளவு) 128 வையுங்கோ. 44,100 சாம்பிள் வேகத்தில அது 3 மில்லி செக்கனுக்குக் கிட்ட. அதோட டிரைவரும் கொஞ்சம் சேர்க்கும், எண்டாலும் கைக்குத் தெரியாது. லாப்டொப் பழசு, கரகரக்குது எண்டா 256. 512க்குப் போனா 12 மில்லி செக்கனுக்குக் கிட்ட, தாள வாத்தியம் வாசிக்கேக்க பிசகும். இன்னொரு காட் வாங்கும் வரைக்கும் ரீப்பரில அசியோவை விட்டு விண்டோஸின்ர வசாபியைப் பகிர்வு முறையில போடுங்கோ. கொஞ்சம் பிந்தும், ஆனாக் குரல் சாகாது.

இன்னொண்டு, ஒலிப்பதிவு செய்யேக்க என்விடிஏ விசையோட எஸ் அமத்திப் பேச்சை நிப்பாட்டலாம். மைக்குக்குள்ள குரல் போகாது.

ஓர்ஸ்ஹில்_வாசி:

ஒரு சந்தேகம், பிழையா எடுக்க வேண்டாம். ஏன் இவ்வளவு கஷ்டம்? பார்வை உள்ள கூட்டாளி ஒருத்தர் வந்து சத்தங்களைத் தெரிஞ்சு செட் பண்ணிக் குடுத்தா, தம்பி வாசிச்சாப் போதும்தானே? மிக்ஸிங்கை ஸ்டூடியோவில குடுக்கலாம்.

கோணமலை_ஒலி:

பிழையா எடுக்கேல்லை. ஆனா நான் இதில விட்டுக்குடுக்க மாட்டன்.

ஒரு புல்லாங்குழல் வரி வாசிக்கிறன் எண்டு வையுங்கோ. மூச்சுச் சத்தம் கூடிப்போச்சு, ரிலீஸ் கொஞ்சம் குறையோணும். அதை அந்த நிமிசமே தொட்டு மாத்தினாத்தான் அடுத்த வரி எப்பிடி வரும் எண்டு தெரியும். சத்தத்தைத் தெரியிறதும் இசை அமைக்கிறதும் ஒரே வேலை. கூட்டாளி வெள்ளிக்கிழமைதான் வருவார் எண்டா வெள்ளி வரைக்கும் அந்த வரி என்ர தலைக்குள்ள உயிரோட இருக்காது. வந்தாலும், "இன்னும் கொஞ்சம், இல்லை இல்லை, முந்தினதுக்குப் போங்கோ" எண்டு இன்னொருத்தற்ற கையால தேடேக்க அவர் எங்க களைப்பாரோ எண்ட நினைப்பு வந்திடும். அதோட "சரி, இது காணும்" எண்டு சொல்லிப்போடுவம். நான் அப்பிடிச் சொல்லி விட்டுக்குடுத்த பாட்டுகள் இருக்கு. இண்டைக்கும் கேக்க ஏலாது.

உதவி வாங்குறது வேற, ஒவ்வொரு குமிழுக்கும் ஆள் தேடுறது வேற. உதவி வேணுமெண்டா என்விடிஏ 2025.1 பதிப்பிலிருந்து தூர இணைப்பு உள்ளுக்கே வருது. யாழ்ப்பாணத்தில இருக்கிற ஒருத்தர் தன்ர கீபோட்டால உங்கட லாப்டொப்பை இயக்கலாம், உங்கட என்விடிஏ சொல்லுறதை அவரும் கேப்பார். அவருக்கும் பார்வை இருக்கத் தேவையில்லை. தம்பிக்கு நான் அப்பிடியே பழக்கலாம்.

ஓர்ஸ்ஹில்_வாசி:

விளங்குது. குமிழைத் திருப்புறதையும் இசையமைப்பையும் நான் வேற வேறயாத்தான் நினைச்சிருந்தன். நன்றி.

மட்டுநகர்_இசை:

பார்வையுள்ள ஆக்கள் கனபேருக்குத் தெரியாத ஒரு வரலாறு. ரே குர்ஸ்வைல் எண்ட அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் 1976இல அச்சுப் புத்தகத்தை வாய்விட்டு வாசிக்கிற இயந்திரத்தை வெளியிட்டார், பார்வை இல்லாத ஆக்களுக்காக. அதை முதல்ல வாங்கினவர்களில பார்வை இல்லாத பாடகர் ஸ்டீவி வொண்டரும் ஒருத்தர். அந்த நட்பில, கம்பியூட்டருக்குள்ள நிஜ வாத்தியங்களின்ர சத்தம் வரக்கூடாதோ எண்டு அவர் கேட்டதிலதான் குர்ஸ்வைல்ட இசைக் கொம்பனி பிறந்து 1984இல கே250 வந்தது. நிஜப் பியானோவின்ர சாம்பிளை (பதிஞ்ச சத்தத்தை) நம்பத்தக்க விதமா வாசிச்ச கீபோட். எங்கட ஆக்களுக்கும் மென்பொருள் வாத்தியத்துக்கும் உள்ள உறவு அவ்வளவு பழசு.

பாலையூற்று_அக்கா:

எல்லாருக்கும் நன்றி. ரீப்பரும் ஓசாராவும் போட்டாச்சு. எஃப் 12ஐ விட்டு எழும்புறானில்லை, சாப்பிடக் கூப்பிட்டா வாறானில்லை. கூட்டாளி தந்த வாத்தியத்தைப் பீயால திறந்தான், எண்கள் மட்டும்தான் வந்துது. எடுத்தாச்சு. இனி எதைப் போட? இப்ப காசு குடுத்து வாங்குற நிலைமை இல்லை. டேட்டாவும் பாத்துத்தான் பாவிக்கோணும்.

கோணமலை_ஒலி:

காசு ஒரு சதமும் வேண்டாம். சேர்ஜ் எக்ஸ்டி போடுங்கோ. 2018இல திறந்த மூலமா வெளியில விட்ட சேர்ஜ் எண்ட சிந்தசைசரின்ர அடுத்த வடிவம். வாத்திய மென்பொருள் எழுதப் பாவிக்கிற ஜூஸ் எண்ட கட்டமைப்பு 2021இல 6.1 பதிப்போட ஸ்கிரீன் ரீடரோட கதைக்கத் தொடங்கினது, சேர்ஜ் ஆக்கள் அதைப் பிடிச்சுக்கொண்டு ஒவ்வொரு குமிழுக்கும் ஒழுங்காப் பேர் வச்சிருக்கினம். பீ கூடத் தேவையில்லை, அதின்ர சொந்த விண்டோவிலேயே டாப்பால போகலாம். சாம்பிள் இல்லாம சத்தத்தைத் தானே உருவாக்கிறபடியால் ஜிகாபைட் கணக்கில இறக்கவும் வேண்டாம்.

ரீப்பரோடயே வாற ரியாசிந்த், ரியாஈக்யூ, ரியாகொம்ப் எல்லாம் பீயில வடிவா வாசிக்கும். தொடங்க அது காணும்.

குரலைப் பற்றியும் ஒண்டு. தமிழ் ஈஸ்பீக்கோ வள்ளுவர் குரலோ பாவிக்கிறார் எண்டா ரீப்பருக்குள்ள ஆங்கிலச் சொல்லெல்லாம் சிதைஞ்சு கேக்கும். என்விடிஏயில ரீப்பருக்கெண்டு தனி அமைப்புச் சுயவிவரம் ஒண்டு செய்து அதில ஆங்கிலக் குரலை வேகமா வையுங்கோ. ரீப்பரை விட்டு வெளியில வந்த உடனே தானாத் தமிழுக்கு மாறும்.

ஸ்காபரோ_ரவுண்ட்:

இஞ்ச நான் மேக்கில லொஜிக் எண்ட இசை மென்பொருள் பாவிக்கிறன். ஆப்பிளின்ர ஸ்கிரீன் ரீடரான வொய்ஸ்ஓவரோட அதின்ர சொந்த வாத்தியங்கள் நல்லா வாசிக்கும். ஐபோன் இருந்தா கராஜ்பாண்ட் இலவசம், வொய்ஸ்ஓவரும் உள்ளுக்கே இருக்கு. பிறகு காலத்தில நேடிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்ட கொம்ப்ளீட் கொன்ட்ரோல் எஸ் வரிசைக் கீபோட் ஒண்டு கிடைச்சா நல்லம். அணுகல் முறையைப் போட்டா, குமிழைத் தொட்ட உடனே பேரையும் பெறுமதியையும் சொல்லும், சத்தப் பட்டியலையும் வாசிக்கும். விலை கூடத்தான்.

தம்பலகாமம்_தவில்:

நான் கண் தெரிஞ்ச ஆள், கோயிலில தவில் வாசிக்கிறன். இடையில வாறதுக்கு மன்னிக்கோணும். இந்த மென்பொருள்களில இந்திய வாத்தியம் எண்டு போட்டிருக்கிறதைத் திறந்தா தபேலா, டோலக், சித்தார். தவில் எண்டு ஒண்டு கிடந்துது, ஒரே அடியைத் திருப்பித் திருப்பிப் போடுது, தகரம் தட்டுற மாதிரி. வலந்தலையில (வலப்பக்கம்) கூடு போட்ட விரல் விழுற சத்தமும் இல்லை, தொப்பியில (இடப்பக்கம்) கம்பு விழுற கனமும் இல்லை. எங்கட வாத்தியத்துக்கு வழியே இல்லையோ?

கோணமலை_ஒலி:

அண்ணை, நீங்கள் கேட்டது நல்லதாப் போச்சு. இந்த இழையில நான் சொல்ல வந்ததில முக்கியமானது இதுதான். வழி இருக்கு, அதுவும் பார்வை இல்லாத ஆக்களுக்குக் கொஞ்சமும் தடை இல்லாத வழி.

எஸ்எஃப்இசட் எண்டு ஒரு வடிவம் இருக்கு. அது வெறும் எழுத்து ஃபைல். நோட்பாட்டில திறக்கலாம், என்விடிஏ வரி வரியா வாசிக்கும். எந்தச் சத்த ஃபைல், எந்தக் கீயில, எவ்வளவு அமத்தினா எண்டு எழுதினா அதுவே வாத்தியம். படம் இல்லை, குமிழ் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது பதிவு. போனே போதும், ஆனா வேவ் ஃபைலாப் பதியிற செயலி பாவியுங்கோ. மண்டபத்தில வேண்டாம், எதிரொலி ஒட்டிக்கொண்டு வரும். பாய், தலையணை கிடக்கிற சின்ன அறை நல்லம். ஃபானை நிப்பாட்டுங்கோ. வலந்தலையில ஒவ்வொரு சொல்லையும் (அடி வகையையும்) மெதுவா, நடுத்தரமா, ஓங்கி எண்டு மூண்டு விதமா அடியுங்கோ. ஒவ்வொரு விதத்திலயும் நாலைஞ்சு அடி, ஒரு அடி முழுசா ஓயும் வரைக்கும் அடுத்ததுக்குப் போகாம. தொப்பிக்கும் அப்பிடியே.

ரீப்பரில அதை ஒவ்வொரு அடியாத் தாவி எஸ் விசையால வெட்டித் தனித்தனி ஃபைலாக்கலாம். இது காது வேலை, தம்பி செய்வார்.

பிறகு எழுத்து. ஃபைலில எல்லாம் ஆங்கிலத்தில இருக்கோணும், இஞ்ச உச்சரிப்பை மட்டும் தாறன். ஒவ்வொரு அடிக்கும் ஒரு "ரீஜன்". அதுக்குள்ள "சாம்பிள்" எண்டு ஃபைல் பேர், "கீ" எண்டு நோட் எண், நடு சி எண்டா 60. "லோவெல்", "ஹைவெல்" எண்டது அழுத்தத்தின்ர எல்லை. மிடியில (கீபோட்டும் கம்பியூட்டரும் கதைக்கிற முறை) அது 1இலிருந்து 127 வரைக்கும். மெதுவான அடிக்கு 1 முதல் 50, நடுத்தரத்துக்கு 51 முதல் 95, ஓங்கினதுக்கு 96 முதல் 127.

தகரம் தட்டுற மாதிரி எண்டு சொன்னீங்களே, அதுக்கு மருந்து "சீக் லெந்த்", "சீக் பொசிஷன்" எண்ட ரெண்டு சொல். நாலு அடி பதிஞ்சிருந்தா லெந்த் 4, பொசிஷன் 1, 2, 3, 4. ஒரே கீயைத் திருப்பி அமத்த அமத்த வேற வேற அடி வரும். வேகமான நடையிலயும் கை வாசிக்கிற மாதிரி இருக்கும்.

ஓட்டுறதுக்கு ப்ளோக் கொம்பனியின்ர ஸ்ஃபோர்சாண்டோ, இலவசம். அதின்ர விண்டோ பேசாது. ஆனா என்விடிஏ விசையோட ஆர் அமத்தினா விண்டோஸ் ஓசிஆர் திரையில இருக்கிற எழுத்தை வாசிக்கும், தேவையான எழுத்தில எண்டர் தட்டினாக் கிளிக் ஆகும். ஒருக்கா வாத்தியத்தை ஏத்தி ரீப்பரில ட்ரக் வார்ப்புருவாச் சேமிச்சிட்டா பிறகு அந்த விண்டோவுக்குப் போகவே தேவையில்லை.

பேர் சொல்லாத வாத்தியத்தை வாங்காதீங்கோ எண்டு மேல எழுதினன். இதில ஒவ்வொரு பேரும் நாங்களே வைக்கிறது.

கிண்ணியா_நானா:

யூஎஸ்பி காட் வாங்கிட்டன், குரல் நிக்கேல்லை, அல்ஹம்துலில்லாஹ். இந்த எஸ்எஃப்இசட் முறையில பொல்லடிக் கம்புச் சத்தமும் றபானும் செய்யலாமெண்டா நான் பதிஞ்சு தாறன். எங்கட ஊரில பொல்லடிக்கிற பெரியாக்கள் குறைஞ்சு கொண்டு வருகினம்.

கோணமலை_ஒலி:

கட்டாயம் நானா. கம்புக்கு "லூப் மோட்" எண்டதை "வன் ஷொட்" எண்டு போட்டா கீயில இருந்து கையை எடுத்தாலும் அடி முழுசாக் கேக்கும். றபானுக்கு ஓரம், நடு, ரெண்டையும் வேற கீயில வையுங்கோ. வாசிக்கிற ஆக்களிட்டக் கேட்டு, அவையின்ர சம்மதத்தோட பதியுங்கோ. கரைவலை இழுக்கேக்க பாடுற அம்பாவையும் ஆராவது நிலாவெளிப் பக்கம் இப்பிடிப் பதிஞ்சு தந்தா நல்லம்.

பாலையூற்று_தம்பி:

வணக்கம் அண்ணாமார். அக்காவின்ர தம்பி நான்தான், இப்ப சொந்தக் கணக்குத் திறந்திட்டன். சேர்ஜில ஒரு சத்தம் செய்து, நேற்று இரவு ஒரு பாட்டுக்கு முழு இடையிசையும் போட்டன். ஆரும் மவுஸ் பிடிக்கேல்லை.

ஒரு கேள்வி. நாதஸ்வரச் சாம்பிள் ஒண்டை எஸ்எஃப்இசட்டில போட்டன். தோடி ராகத்தில காந்தாரத்தை அசைக்கப் பாத்தா, கீபோட்டில சுரத்தை வளைக்கிற சில்லு ஒரு முழுச் சுரத்துக்கு மேல போகுதில்லை. கமகம் பாதியில வெட்டுப்படுது.

கோணமலை_ஒலி:

தம்பி, வந்தது சந்தோசம். அது வழமையான எல்லை, 200 சென்ட், அதாவது ரெண்டு அரைச்சுரம். "பெண்ட் அப்" 1200, "பெண்ட் டவுன்" சய 1200 எண்டு ஃபைலின்ர மேல "குளோபல்" பகுதியில ஒருக்கா எழுது, எல்லா ரீஜனுக்கும் போகும். பிட்ச் பெண்டில (அந்தச் சில்லின்ர வளைவில) மொத்தம் 16,384 படி இருக்கு, ஒரு ஸ்தாயிக்கு விரிச்சாலும் படி தெரியாது. ஆனா சில்லை முந்தின மாதிரித் தள்ளினாத் தூரப் பாயும், கொஞ்சமா அசைச்சுப் பழகோணும். கை கேக்கேல்லை எண்டா 500இல வச்சுத் தொடங்கு. பெரிய ஜாரு (சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிறது) வேணுமெண்டா அப்ப கூட்டு.

தம்பலகாமம்_தவில்:

பதிஞ்சிட்டன் தம்பி. வலந்தலை எல்லாம் சரி. தொப்பியில மெதுவான அடிக்கும் நடுத்தரத்துக்கும் வித்தியாசம் போனில சரியா வரேல்லை. திரும்பப் பதியவோ?

கோணமலை_ஒலி:

திரும்பப் பதியுங்கோ அண்ணை. போனைத் தொப்பிக்கு நேர வைக்காம, முழத் தூரத்தில பக்கமாச் சரிச்சு வையுங்கோ. போன் தானாச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற அமைப்பு செயலியில இருந்தா அதையும் நிப்பாட்டுங்கோ, வித்தியாசத்தை அதுதான் விழுங்குது. ஃபைல் பேரில "தொப்பி மெது 1, தொப்பி மெது 2" எண்டு ஆங்கில எழுத்தில போட்டு அனுப்புங்கோ, மிச்சத்தை நானும் பாலையூற்றுத் தம்பியும் எழுதிறம்.